கிளாரினெட் நுழைந்த இடம்

எலாதியாவின் முழங்கால் போய் ஒரு வருஷம் ஆகிறது. குழியில் உட்கார்ந்து உட்கார்ந்தே போனது. மாட்ரிட்டில் நாடகம் பார்க்க வருகிறவர்களுக்கு மேடையின் முன்விளிம்பில் சிப்பியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு மூடி தெரியும். அதன் அடியில் ஓர் ஆள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அந்த ஆளுக்கு முழங்கால் உண்டு என்பதுதான் யாருக்கும் தோன்றுவதில்லை. மாலை ஆட்டம் ஒன்று, இரவு ஆட்டம் ஒன்று என்று தினமும் இரண்டு முறை அவள் அந்தக் குழிக்குள் இறங்கினாள். மேடையில் நிற்கிறவர்களுக்கு ஒவ்வொரு வரியையும் அவர்கள் வாய் திறப்பதற்கு ஒரு கணம் முன்னால் கிசுகிசுத்து எடுத்துக்கொடுத்தாள். அப்பா பார்த்த வேலை. அவர் போன பிறகு அவள் இறங்கினாள், அவ்வளவுதான்.

கிசுகிசுத்தே வாழ்ந்ததில் அவளுடைய சொந்தக் குரல் தேய்ந்துவிட்டது. காய்கறிக்காரியிடம் அவரைக்காய் கேட்டால்கூட, "என்னம்மா ரகசியம்?" என்று கேட்பாள். தொலைவில் கொயென்கா ஊரில் அக்கா பிரிஹிதா இருந்தாள். வெயில் விழும் அறை ஒன்று சும்மா கிடக்கிறது, வந்துவிடு என்று ஒவ்வொரு கோடையிலும் கூப்பிடுவாள். எலாதியாவுக்கும் போக ஆசைதான். காலை நீட்டி உட்கார்ந்து, யாருக்கும் எதையும் எடுத்துக்கொடுக்காமல், கோழிகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதைத் தாண்டி அவளுக்கு உலகத்தில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

போகவிடாமல் பிடித்து வைத்திருந்தவள் ஃபெலிசா.

பாட்டும் பேச்சும் கலந்து வரும் ஸார்ஸுவேலா நாடகங்களில் ஃபெலிசா அன்றைக்குப் பெரிய பெயர். சுவரொட்டிகளில் அவள் பெயர் நாடகத்தின் பெயரைவிடப் பெரிதாக இருக்கும். அதை அவளால் படிக்கத்தான் முடியாது. லவாப்பியெஸ் பகுதியில், நடுமுற்றத்தைச் சுற்றி மாடிமாடியாக வீடுகள் அடுக்கிய ஒரே கட்டடத்தில் இருவரும் வளர்ந்தார்கள். ஃபெலிசாவின் அம்மா ஆற்றில் துணி துவைத்தாள், மகளும் கூடவே துவைத்தாள். பள்ளிக்கூடம் எதிர்த்தெருவில் இருந்தது, ஆற்றுக்குப் போகும் வழியில் இல்லை. ஆகவே ஒவ்வொரு நாடகத்தையும் எலாதியாதான் படித்துக் காட்டிக் காதில் ஏற்றினாள். விஷயம் வெளியே தெரிந்தால் பத்திரிகைக்காரர்கள் வைத்துக் கிழித்துவிடுவார்கள் என்று ஃபெலிசாவுக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். அவர்களில் பாதிப் பேருக்கு வேறு வேலை கிடையாது.

அந்த டிசம்பர் காலையில், இசைத்தட்டுப் பதிவுக்குப் போகும் வழியில், காப்பிக் கடையில் எண்ணெயில் பொரித்த சுர்ரோ பலகாரத்தைக் காப்பியில் முக்கிக்கொண்டே எலாதியா சொல்லிவிட்டாள்.

"கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் நான் கொயென்கா போறேன், ஃபெலி."

"போயேன். யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

"நெஜமாத்தான் சொல்றேன். கால் முடியல."

"நானும் நெஜமாத்தான் சொல்றேன். போ. அந்தப் பாட்டோட கடைசி வார்த்தையை எனக்கு யாரு சொல்லுவா, அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

"ஒரே ஒரு வார்த்தை. பதினஞ்சு வருஷமா பாடுறே. அது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்டி. தெரிஞ்சா வந்துடுமா? நீ சொன்னாத்தான் எனக்கு மூச்சே வருது." ஃபெலிசா விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கினாள். "நான் செத்த அன்னிக்கு சாயங்காலம் போ. தடுக்க மாட்டேன்."

அதோடு பேச்சு முடிந்தது. எப்போதும் அப்படித்தான் முடியும்.

பதிவு ஒரு பழைய நடனக் கூடத்தில் நடந்தது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெங்கும் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே ஈரமான ஆட்டின் வாடை அடித்தது. பார்சிலோனாவிலிருந்து வந்திருந்த பொறியாளர் செர்தா ஒரு சின்னக் கதகதப்பான அலமாரியில், பாட்டைப் பதிக்கிற மெழுகுத் தட்டுகளைப் பாலாடைக்கட்டி போல அடுக்கி வைத்திருந்தார். வாத்தியக் குழுவை நடத்த வந்தவர் தோன் லேயாந்த்ரோ. பாட்டுக்கு இசையமைத்தவரும் அவர்தான்.

பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துணி தேய்க்கிற ஒரு பெண், மொராக்கோ சண்டைக்குப் போனவனை நினைத்து பால்கனியில் நின்று பாடுவது. ஹபனேரா என்ற கியூப நடனத்தின் மெதுவான நடை. செல்லோக்காரர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டு நரம்பை விரலால் சுண்டுவார்கள், அது தொட்டில் ஆடுவது போல ஆடும். சரணங்களெல்லாம் சோகமான சுரங்களில் போகும். பல்லவிக்கு வந்ததும் ஹார்ப் நுழைந்து, அதே மெட்டு மகிழ்ச்சியான சுரங்களுக்கு மாறும். கேட்கிறவனுக்கு அவன் வந்துவிடுவான் என்றே தோன்றும். குரல் மேலே மேலே ஏறி, உச்சியில் வாத்தியமும் குரலும் சேர்ந்து சட்டென்று நிற்கும். ஒரு முழுத் தாளவட்டத்துக்கு ஒன்றுமே இருக்காது. அதன்பிறகு குரல் மட்டும், துணை எதுவும் இல்லாமல், "காத்திருக்கேன்" என்று ஒரே வார்த்தையைப் பாடி முடிக்கும்.

அந்த மௌனம்தான் தோன் லேயாந்த்ரோவின் சொத்து. அவர் எழுதியதில் பாதி மெட்டு வேறு யாரிடமோ கேட்டது போல இருக்கும் என்று அவருக்கே தெரியும். அந்த மௌனம் மட்டும் அவருடையது. அரங்கில் ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். குழிக்குள் எலாதியா "காத்திருக்கேன்" என்று கிசுகிசுப்பாள். அது ஃபெலிசாவின் காதுக்கு மட்டும் போகும்.

செர்தா முதலில் ஒரு குண்டைப் போட்டார்.

"மன்னிக்கணும் அம்மா, பாட்டு ஆறு நிமிஷம் வருது. தட்டுல நாலரைதான் போகும். ரெண்டாவது சரணத்தை வெட்டிட்டோம். முதல் சரணம் முடிஞ்சதும் நேரா மூணாவதுக்குப் போயிடணும். இதோ காகிதத்துல குறிச்சிருக்கேன், பாத்துப் பாடிடுங்க."

ஃபெலிசா காகிதத்தை வாங்கி, பார்த்து, விசிறியைப் போல மடித்தாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கழுத்து மட்டும் சிவந்ததை எலாதியா பார்த்தாள். பதினைந்து வருஷப் பழக்கத்தில் வாய் தானாக இரண்டாவது சரணத்துக்குத்தான் போகும். இனி அதைப் பிடித்துத் திருப்ப வேண்டும்.

"காகிதம் பாத்துப் பாடினா எனக்குத் தொண்டை இறுகிடும்," என்றாள் ஃபெலிசா, மகாராணி மாதிரி. "எலாதியா என் பக்கத்துல நிக்கட்டும்."

"நிக்கட்டும். சும்மாதானே நிக்கப்போறாங்க," என்றார் செர்தா.

முதல் தடவையே அபாரமாக வந்தது. மூன்றாவது சரணத்துக்கு ஃபெலிசா வழுக்கிக்கொண்டு போனாள், எலாதியா அவள் காதருகே ஒவ்வொரு வரியாக வைத்துக்கொண்டே வந்தாள். உச்சி, மௌனம், கிசுகிசு, கடைசி வார்த்தை. வயலின்காரர்கள் வில்லால் ஸ்டாண்டைத் தட்டிப் பாராட்டினார்கள். போட்டுக் கேட்டால் அந்த மெழுகு வீணாகிவிடும், இருந்தாலும் சத்தம் சரியாக விழுகிறதா பார்த்துவிடலாம் என்று செர்தா அதைப் போட்டார்.

வாத்தியங்கள் வந்தன, ஃபெலிசா வந்தாள். கிசுகிசுப்பு எதுவும் கேட்கவில்லை, செல்லோக்களின் அடியில் அமுங்கிவிட்டது. மௌனம் வந்தது. அந்த மௌனத்துக்குள், சூடான அடுப்பில் தண்ணீர் சிந்தினாற்போல, ஒரு சீறல் கேட்டது.

"காத்திருக்கேன்."

எலாதியாவுக்கு அது யார் என்று ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பெல்லாம் கூசியது. தன் குரல் இப்படி ஒரு கிழட்டுப் பூனையின் குரலாக ஆகிவிட்டதை இத்தனை நாள் யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல அதை யார் காது கொடுத்துக் கேட்டார்கள்? கேட்டவள் ஃபெலிசா ஒருத்திதான்.

"யாரு அது, ஆவியா?" என்றான் கிளாரினெட் வாசிக்கும் தடியன் ஹெனாரோ. சிலர் சிரித்தார்கள்.

"மைக் இருக்குங்க," என்றார் செர்தா, சங்கடமாக. "காதைவிடக் கூர்மை அது. அந்த இடத்துல மட்டும் வாயை மூடிக்கிட்டாப் போதும்."

இரண்டாவது தடவை எலாதியா அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டாள். உச்சி வந்து நின்றது. தாளவட்டம் முடிந்தது. ஃபெலிசா மைக்கைப் பார்த்தபடி வாயைப் பாதி திறந்து நின்றாள். தோன் லேயாந்த்ரோ கையை வீசினார். ஊசி மெழுகில் வெறும் நிசப்தத்தைக் கீறிக்கொண்டே போனது. எலாதியாவின் நாக்கு பல்லுக்குப் பின்னால் துடித்தது. ஃபெலிசா திரும்பி அவளைப் பார்த்தாள், வீட்டுக் கதவு பூட்டியிருப்பதைப் பார்க்கிற குழந்தை மாதிரி.

"நீ சொல்லலியே," என்றாள்.

மூன்றாவது தடவை, சொல்வதற்குப் பதிலாகத் தோளைத் தொடலாம் என்று எலாதியாவே யோசனை சொன்னாள். தொட்டாள். ஃபெலிசா திடுக்கிட்டு, வார்த்தை விக்கலாக வெளியே விழுந்தது. அந்த மெழுகும் போயிற்று.

செர்தா அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பதியத் தயாராகச் சூடேறிய தட்டு ஒன்றுதான் மிச்சம். அவருக்குச் சாயங்கால ரயில். அவர் தோன் லேயாந்த்ரோவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். தாழ்ந்த குரல்களைக் கேட்டே பிழைத்தவள் எலாதியா, அது முழுதும் அவள் காதில் விழுந்தது.

"தப்பா நினைக்காதீங்க மாஸ்டர். பார்சிலோனாவுல ஒரு பொண்ணு இருக்கா. இந்தப் பாட்டு அவளுக்கும் தெரியும். காகிதத்தை வச்சா அப்படியே பாடிடுவா. தட்டுல அவ பேரைப் போட்டுக்கலாம்."

எலாதியா ஃபெலிசாவைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, மடித்த காகிதத்தை இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது தெரிந்தது. துணி துவைத்த கை அப்படியே இருந்தது. இந்தப் பாட்டு கையை விட்டுப் போனால் இவள் போய்விடுவாள் என்று எலாதியாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அலுப்பையும் மீறி அவள் நேரே தோன் லேயாந்த்ரோவிடம் போனாள்.

"மாஸ்டர், நான் சொல்லாம அவ பாட மாட்டா."

"அதைத்தான் பாத்தேனே அம்மா."

"நான் சொல்லித்தான் ஆகணும். அது கேக்கக் கூடாது. வேற எடத்துல எல்லாம் கேக்கல. ஏன்னா வாத்தியம் இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார். அவள் என்ன கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் முகம் சொன்னது.

"என்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான், எலாதியா."

"தெரியும் மாஸ்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஹெனாரோ, அந்த மௌனத்துல நீ என்னய்யா பண்றே?"

"சும்மா இருக்கேன் மாஸ்டர். அதை மட்டும் ஒரு தப்பு இல்லாம வாசிக்கிறேன்."

"இன்னிக்கு சும்மா இருக்க வேணாம். ஃபெலிசாம்மா கடைசியா பாடினாங்க பாரு, அந்த நாலு சுரம். அதையே ஒரு ஸ்தாயி கீழே எடுத்து, இறங்கிக்கிட்டே வா. மெதுவா. மூச்சுக் காத்து கேட்டாலும் பரவாயில்ல. கேக்கட்டும்."

"கொத்ஸீதோ குழம்பு ஆறிப்போயிருக்கும் வீட்டுல," என்று முனகிக்கொண்டே ஹெனாரோ கிளாரினெட்டை எடுத்தான்.

நான்காவது தட்டு சுழன்றது. உச்சியில் எல்லாம் நின்றது. கிளாரினெட் மட்டும் மரத்தின் உள்ளிருந்து வருவது போல நாலு சுரம் இறங்கியது. அதன் காற்றோசைக்குள் எலாதியா தன் வார்த்தையை வைத்தாள். ஃபெலிசா பாடினாள். தோன் லேயாந்த்ரோ குச்சியைக் கீழே வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தட்டு வெளியானதும் மாட்ரிட் அதைப் பிடித்துக்கொண்டது. காப்பிக் கடைகளில் போட்டார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வீடுகளில் போட்டார்கள். பழைய பாட்டில் இல்லாத அந்த கிளாரினெட்டைப் பற்றித்தான் எல்லாருக்கும் பேச்சு. போரில் இறந்தவன் தூரத்திலிருந்து பதில் சொல்கிறான் என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். மனத்தின் ஆழம் என்று இன்னொருவர் எழுதினார். தோன் லேயாந்த்ரோவைப் பார்க்கிறவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முன்பு இருந்த மௌனத்தை ஒருத்தரும் தேடவில்லை. எலாதியாவும் தட்டைக் கேட்டாள். கிளாரினெட்டுக்கு அடியில் தன் சீறல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டாள். சில நாள் கேட்பது போல இருந்தது, சில நாள் அதுவும் இல்லை.

பிப்ரவரி பிறந்து அந்த நாடகத்தை மறுபடி மேடையேற்றினார்கள். முதல் நாள் மாலை ஆட்டம். கொயென்கா பேச்சை எலாதியா பதிவு நாளுக்குப் பிறகு எடுக்கவில்லை, ஃபெலிசாவும் கேட்கவில்லை. எலாதியா முழங்காலுக்குச் சூடான எண்ணெய் தடவிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். தோன் லேயாந்த்ரோ அன்றைக்குப் பிடிவாதமாகப் பழையபடியே நடத்தினார். உச்சி வந்தது, மௌனம் வந்தது.

"கிளாரினெட் எங்கய்யா?" என்று மேல்தளத்து மலிவு இருக்கைகளிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தட்டுல இருக்கே, இங்க ஏன் இல்ல? இதுக்கா டிக்கெட்டு?" என்றது இன்னொன்று.

அரங்கம் சிரித்தது. எலாதியா வார்த்தையைச் சத்தமாகவே எறிய வேண்டியிருந்தது. ஃபெலிசா அதைப் பிடித்து எப்படியோ பாடி முடித்தாள். கைதட்டல் வந்தது, கூடவே வழக்கம் போல "பிஸ், பிஸ்" என்று இன்னொரு தடவை பாடச் சொல்லும் கூச்சலும் வந்தது. பிடித்த பாட்டை மறுபடி பாடாமல் அந்த ஊர் யாரையும் விட்டதில்லை. தோன் லேயாந்த்ரோ குழியின் பக்கம் பார்க்காமல் ஹெனாரோவைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். தோற்றுப்போனவரின் விரல் அது.

செல்லோக்கள் மறுபடி ஆடத் தொடங்கின. எலாதியா வரிகளை எடுத்துக்கொடுத்துக்கொண்டே வந்தாள். இரண்டாவது சரணம், மூன்றாவது சரணம், பல்லவி. அவளுக்கு அலுப்பு மண்டையிலிருந்து கால் வரை இறங்கியது. கத்திய தொண்டை எரிந்தது. உச்சி வந்து நின்றபோது, ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளால் பிறகும் சொல்ல முடியவில்லை, வாயைத் திறந்து அப்படியே வைத்துக்கொண்டாள். ஒரு சத்தமும் கொடுக்கவில்லை.

கிளாரினெட் நாலு சுரம் இறங்கியது. ஃபெலிசா மூச்சை இழுத்தாள். குழியைக் குனிந்து பார்க்காமல், நேரே முன்னால் பார்த்துக்கொண்டு, "காத்திருக்கேன்" என்று பாடினாள். பதினைந்து வருஷத்தில் அவள் அதை அவ்வளவு அழகாகப் பாடியதில்லை.

எலாதியா வாயை மூடினாள். விடுதலை என்று மனசு முதலில் சொன்னது. வெயில் விழும் அறை கண்ணுக்கு முன்னால் வந்தது, கோழிகள் வந்தன. அதற்குப் பிறகு வந்தது வேறு. இத்தனை வருஷம் இவள் மூச்சு என்று தான் நினைத்திருந்தது நாலு சுரத்துக்கு விலைபோய்விட்டதே என்று அவளுக்கு அழுகை வந்தது. அந்த நாலு சுரத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். குழியில் இருக்கிறவள் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது? அழுதுகொண்டே அடுத்த காட்சியின் வசனத்தைப் புரட்டி, கதாநாயகனுக்கு முதல் வரியை எடுத்துக்கொடுத்தாள்.

ஆட்டம் முடிந்து ஒப்பனை அறைக்குப் போனபோது ஃபெலிசா கண்ணாடி முன்னால் முகத்தில் களிம்பைப் பூசித் துடைத்துக்கொண்டிருந்தாள். குஷியாக இருந்தாள்.

"ரெண்டாவது தடவை என்ன அழகா சொன்னே, எலா. தெளிவா, காதுக்குள்ள வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு. இனிமே அப்படியே சொல்லு."

எலாதியா கதவைப் பிடித்தபடி நின்றாள். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். நான் சொல்லவே இல்லை, ஃபெலி. அதைச் சொன்னால் இந்த வாரமே கொயென்காவுக்கு வண்டி ஏறலாம். இவள் பயப்படுவாள், ஒரு நாள் தடுமாறுவாள், பிறகு பழகிவிடும். முப்பது வருஷத்தில் எலாதியா யாருக்கும் ஒரு வார்த்தையைத் தப்பாக எடுத்துக்கொடுத்தது கிடையாது.

"சரி, அப்படியே சொல்றேன்," என்றாள்.

"பாத்தியா, நீ இல்லாம முடியாதுடி."

"முடியாது," என்றாள் எலாதியா.

எப்போதும் அவள் முதலில் சொல்ல, ஃபெலிசா பின்னால் சொல்லுவாள். இந்தத் தடவை ஃபெலிசா சொன்னதை அவள் திரும்பச் சொன்னாள். சொல்லிவிட்டு, வழக்கம் போல ஃபெலிசாவின் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள். முழங்கால் சத்தம் போட்டது. இரவு ஆட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.